தூண்டிலும் வேட்டைநாயும்: பாப் இசைச் சந்தையில் ஒரு சொல்லின் வரலாறு

2014 பிப்ரவரி 7. ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளின் தொடக்க விழா. அதற்கு முன்னோடியாக நடந்த கலைநிகழ்ச்சியில் இரண்டு பெண்கள் மேடையேறிப் பாடினர். லேனா காத்தினா, யூலியா வோல்கோவா. பத்தாண்டுகளுக்கு முன்னர் 'தாத்து' என்னும் பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட இணை அது. ஒருவரையொருவர் காதலிக்கும் இரண்டு பள்ளிச் சிறுமியர் என்றே அவர்கள் உலகுக்கு அறிமுகம் செய்யப்பட்டிருந்தனர்.

சோச்சி விழாவுக்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்புதான், 2013 ஜூனில், 'மரபுசாராப் பாலுறவுகளை'ச் சிறாரிடையே பரப்புவதைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டத்தில் அதிபர் புதின் கையொப்பமிட்டிருந்தார். அச்சட்டத்தின் சொற்களை அப்படியே பொருத்திப் பார்த்தால், இவ்விணைக்குப் புகழ் தேடித் தந்த முதல் பாடலும் அதன் காணொளியும் அதன் பிடிக்குள் எளிதில் அகப்படத்தக்கவை. ஆயினும் அரசு முன்னின்று நடத்திய மாபெரும் விழாவில் அவர்கள் பாடினர். அவர்களுடைய முற்காலப் புகழ் எதனால் வந்தது என்பதை விழாவை நடத்தியோர் ஒரு தடையாகக் கருதவில்லை.

பொய்யென்று அனைவரும் அறிந்த காதல் எந்த அரசையும் அச்சுறுத்துவதில்லை. இவ்விணையின் காதல் ஒரு வணிக உத்தி என்பது 2003-ஆம் ஆண்டின் இறுதியிலேயே வெளிப்பட்டிருந்தது. அதே நாட்டில் உண்மையாகவே பெண்ணைக் காதலித்த பெண்ணுக்கோ பொதுவெளியில் வாய்திறக்கும் உரிமையே சுருங்கிக்கொண்டிருந்தது. பொய்க்காதலுக்கு மேடையும் மெய்க்காதலுக்குச் சட்டமும் கிடைத்த இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய, ஆங்கிலத்தில் 'குயர்பெய்ட்டிங்' எனப்படும் உத்தியின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

தன்பாலீர்ப்பையோ இருபாலீர்ப்பையோ குறிப்பால் உணர்த்தி, அதை உறுதியும் செய்யாமல் மறுக்கவும் செய்யாமல் இழுத்துப் பிடித்து, அந்த ஐயத்தைக் கொண்டே கவனத்தையும் பணத்தையும் ஈட்டுவது இவ்வுத்தி. 'குயர்' என்பதற்குத் தமிழில் 'பால்புதுமையர்' என்னும் சொல் இன்று வழங்குவதால், இதனைப் 'பால்புதுமைத் தூண்டில்' என்று கூறலாம்.

ஒரு சொல், இரு கடிகள்

'பெய்ட்' என்னும் ஆங்கிலச் சொல் பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் 'கடிக்கச் செய்தல்'. 'உண்' என்னும் வினைக்கு 'ஊட்டு' பிறவினையாக அமைவதுபோல, 'கடி' என்னும் பொருளுடைய வினைக்கு அது பிறவினை. கடிக்கச் செய்வதற்கு இரு வழிகள் உண்டு. இரையைக் காட்டி மீனைக் கடிக்கச் செய்யலாம். நாயை ஏவிக் கட்டுண்ட விலங்கைக் கடிக்கச் செய்யலாம். ஆங்கிலம் இவ்விரு வழிகளுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. கரடியைத் தறியில் பிணித்து வேட்டைநாய்களை ஏவிவிடும் கேளிக்கை இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் நடந்து, 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அக்கேளிக்கையின் பெயரிலும் இச்சொல்லே உண்டு. தமிழின் 'தூண்டில்' என்னும் சொல்லும் 'தூண்டு' என்னும் வினையோடு உறவுடையது. இரை காட்டுவதும் ஏவிவிடுவதும் இரண்டுமே ஒருவகைத் தூண்டல்கள்தாம்.

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், ஒருவரைப் பொதுவுடைமையர் என்று முத்திரை குத்தி வேட்டையாடுவதைக் குறிக்க 'ரெட்-பெய்ட்டிங்' என்னும் தொடர் வழங்கியது. அதே அச்சில் வார்க்கப்பட்டது 'குயர்-பெய்ட்டிங்'. ஒருவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று அம்பலப்படுத்திச் சிறுமைப்படுத்துவது, அச்சுறுத்துவது, அரசியல் ஆதாயம் தேடுவது ஆகியன அதன் பொருள். அது வெறும் ஏச்சுச் சொல்லாக நின்றுவிடவில்லை. 1953 ஏப்ரலில் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த 10450-ஆம் எண் ஆணை, 'பாலியல் பிறழ்வை'யும் அரசுப் பணிக்குத் தகுதியின்மையாகக் கொண்டது. அக்காலத்து வேட்டையில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

இச்சொல்லின் பொருள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திசைமாறியது. இணையத்தில் கூடிய ரசிகர் குழுக்கள், தொலைக்காட்சித் தொடர்களில் இரு ஆண்களுக்கோ இரு பெண்களுக்கோ இடையில் காதல் இருப்பதுபோலக் காட்டிக்கொண்டே இறுதிவரை அதை ஒப்புக்கொள்ளாத போக்கைக் கண்டிக்க இச்சொல்லைக் கையாண்டன. பின்னர் அது பாப் இசைக் கலைஞர்கள் மீது திரும்பியது. பழைய பொருளில், வேட்டையாடப்பட்டவர் பால்புதுமையர். புதிய பொருளில், தூண்டிலில் சிக்குபவர் பால்புதுமையர். சொல் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே செயல் நடந்துகொண்டிருந்தது. அதன் தெளிவான தொடக்கங்களுள் ஒன்றை 1972-ஆம் ஆண்டின் இலண்டனில் காணலாம்.

1972: ஐயத்தின் விலைமதிப்பு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், இருபத்தொரு வயது நிரம்பிய இரு ஆண்கள் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று சட்டம் வந்தது 1967-இல். ஸ்காட்லாந்துக்கு அவ்வுரிமை 1980-இலும் வட அயர்லாந்துக்கு 1982-இலும்தான் கிட்டியது. இந்த இடைக்காலத்தில், 1972 ஜனவரி 22-ஆம் நாளிட்ட 'மெலடி மேக்கர்' இதழில் டேவிட் போவியின் நேர்காணல் வெளியாயிற்று. தாம் தன்பாலீர்ப்பாளர் என்றும் எப்போதும் அவ்வாறே இருந்துவந்ததாகவும் அதில் அவர் கூறினார். அப்போது அவருக்கு மனைவியும் ஒரு வயது நிரம்பாத மகனும் இருந்தனர். நேர்காணல் கண்ட மைக்கேல் வாட்ஸ், அதைச் சொல்லும்போது போவியிடம் ஒரு மறைவான குறும்பு இழையோடியதை அக்கட்டுரையிலேயே பதிவுசெய்தார்.

அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் பிரிட்டனின் முதல் பெருமிதப் பேரணி இலண்டனில் நடைபெற்றது. ஐந்து நாள் கழித்து, ஜூலை 6 அன்று, பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் போவி தோன்றினார். பாடலுக்கு இடையில் கித்தார் கலைஞர் மிக் ரான்சனின் தோள்மீது இயல்பாகக் கை போட்டார். அந்தச் சில நொடிகள் பல இளைஞர்களின் வாழ்வை மாற்றின. பாய் ஜார்ஜ் உள்ளிட்ட அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் பலர், போவி தங்களுக்கு எவ்வாறு வழிதிறந்தார் என்பதைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தனர்.

போவி 1976-இல் தம்மை இருபாலீர்ப்பாளர் என்று கூறினார். 1983-இல், 'லெட்ஸ் டான்ஸ்' தொகுப்பின் வழியாக உலகச் சந்தையில் உச்சத்தை எட்டியபோது, தாம் இருபாலீர்ப்பாளர் என அறிவித்ததே தாம் செய்த மிகப்பெரும் பிழை என்று 'ரோலிங் ஸ்டோன்' இதழிடம் சொன்னார். எய்ட்ஸ் குறித்த அச்சம் பரவத் தொடங்கியிருந்த ஆண்டு அது.

போவியின் அகத்தில் இருந்தது எது என்பதைப் பிறர் அளக்க இயலாது, அளக்கவும் வேண்டியதில்லை. அளக்கத்தக்கது சந்தையின் நடத்தை. 1972-இல் ஐயம் விற்பனைக்கு உதவிற்று. 1983-இல் உதவவில்லை, ஆகவே அது களைந்துபோடத்தக்க ஆடையாயிற்று. அந்த ஆடையைக் களைய இயலாத ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும்.

ஜோப்ரையத் என்னும் அமெரிக்கப் பாடகரை 'எலெக்ட்ரா' நிறுவனம் 1973-இல் அறிமுகப்படுத்தியது. பெரிய இசைத்தட்டு நிறுவனமொன்றில் ஒப்பந்தமான, தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று ஒளிவுமறைவின்றி அறிவித்துக்கொண்ட முதல் ராக் இசைக்கலைஞர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். அவருடைய மேலாளர் ஜெர்ரி பிராண்ட், போவியின் வெற்றியை அடியொற்றி மாபெரும் விளம்பரப் போரைத் தொடுத்தார். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஜோப்ரையத்தின் உருவம் பேருருவப் பலகையாக எழுந்தது. பேருந்துகளிலும் இதழ்களிலும் அவர் முகம் நிறைந்தது. பாரிஸ் ஆபெரா அரங்கில் நிகழ்ச்சி என்ற அறிவிப்பும் வந்தது, அது நடைபெறவேயில்லை. தொகுப்பு விற்கவில்லை. 1974-இல் வந்த இரண்டாவது தொகுப்பும் அவ்வாறே. 1975-இல் அவர் ராக் இசையிலிருந்து விலகினார். பிற்காலத்தில் நியூயார்க்கின் செல்சி விடுதியில் தங்கி, வேறொரு பெயரில் உணவகங்களில் பியானோ வாசித்துப் பாடினார். 1983 ஆகஸ்டில், முப்பத்தாறாம் வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்தார். போவி தம் பழைய அறிவிப்பைப் பிழையென்று கூறியதும் அதே ஆண்டில்தான்.

ஜோப்ரையத்தின் தோல்விக்கு அளவிறந்த விளம்பரமும் ஒரு காரணமே. எனினும் இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்தால், சந்தை எதற்கு விலை கொடுத்தது என்பது தெரியும். 'இவர் அப்படிப்பட்டவரோ?' என்ற கேள்விக்கு விலை இருந்தது. 'ஆம்' என்ற விடைக்கு இல்லை. இது பிற்காலத்திலும் தொடர்ந்தது. 1980-களில் இளம்பெண்களின் கனவு நாயகனாக விற்கப்பட்ட ஜார்ஜ் மைக்கேல், தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதைப் பொதுவெளியில் கூறியது 1998-இல். அதுவும் அமெரிக்கக் காவல்துறை அவரைக் கைது செய்த பின்னர். அல்லாதவர் அதுபோலக் காட்டிக்கொள்ள ஊதியம் பெற்ற அதே தொழிலில், உள்ளவர் மறைத்துக்கொள்ள ஊதியம் பெற்றார்.

1984: தடையே விளம்பரம்

இத்தொழிலின் அடுத்த பாடம் லிவர்பூலிலிருந்து வந்தது. 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' குழுவின் 'ரிலாக்ஸ்' என்னும் பாடல் 1983-இன் பிற்பகுதியில் வெளியாயிற்று. அதைத் தயாரித்தவர் டிரெவர் ஹார்ன். விளம்பர உத்திகளை வகுத்தவர் இசை இதழாளராக இருந்த பால் மோர்லி. தன்பாலீர்ப்புக் குறிப்புகள் நிறைந்த அட்டைப்படமும் விளம்பரங்களும் திட்டமிட்டே வடிவமைக்கப்பட்டன. 1984 ஜனவரியில் பிபிசி அப்பாடலைத் தடைசெய்தது. அம்மாத இறுதியில் அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டி, ஐந்து வாரங்கள் அங்கேயே நின்றது.

இதைத் தூண்டில் என்று கூறுதல் பொருந்தாது. குழுவின் பாடகர்களான ஹாலி ஜான்சனும் பால் ரதர்ஃபோர்டும் தன்பாலீர்ப்பாளர்கள். அதை அவர்கள் மறைக்கவுமில்லை. விளம்பரம் மிகையாக இருந்தது. பொருள் போலியாக இல்லை. இருப்பினும் இசைத் தொழில் இந்நிகழ்விலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. பால்புதுமையரின் உணர்வு அதற்குப் புலப்படவில்லை. சீற்றம் விற்பனையைப் பெருக்கும் என்பது மட்டும் புலப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1988-இல், தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க' உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தடை விதிக்கும் 28-ஆம் பிரிவு பிரிட்டனில் சட்டமாயிற்று. பாடல் முதலிடம் பெற்றதனால் மனிதருக்கு இடம் கிடைத்துவிடுவதில்லை என்பதற்கு அது சான்று.

டிரெவர் ஹார்னின் பெயரை நினைவில் இருத்துதல் வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின், மாஸ்கோவிலிருந்து வந்த ஒரு பாடலின் ஆங்கில வடிவத்தைத் தயாரித்தவரும் அவரே.

2000: வேலிக்கு இருபுறம்

இவான் ஷாப்போவலோவ் உளவியல் துறையிலிருந்து விளம்பரத் தொழிலுக்கு வந்தவர். 1999-இல் அவரும் நண்பர்களும் மாஸ்கோவில் நடத்திய குரல்தேர்வில் லேனா காத்தினா தேர்வானார். பின்னர் யூலியா வோல்கோவா சேர்க்கப்பட்டார். இருவரும் முன்னர் ஒரே சிறுவர் இசைக்குழுவில் பாடியவர்கள். 'தாத்து' என்ற பெயர், 'அவள் அவளைக் காதலிக்கிறாள்' என்று பொருள்படும் ரஷ்யத் தொடரின் முதற்சொல்லையும் இறுதிச்சொல்லையும் இணைத்து அமைந்தது. ரஷ்ய மொழியில் 'அந்தப் பெண்' என்னும் சுட்டுச்சொல் எழுவாயாக நிற்கையில் 'தா', செயப்படுபொருளாக நிற்கையில் 'தூ'. இடையிலிருந்த 'காதலிக்கிறாள்' என்னும் வினை மறைக்கப்பட்டது. வேற்றுமை உருபுகள் மட்டும் எஞ்சின. விளம்பரத் தொழிலின் கூர்மைக்கு இப்பெயரே போதிய சான்று. காதலைச் சொல்லாமல் சொல்லும் வித்தை அப்பெயரிலேயே குடிகொண்டிருக்கிறது.

முதல் பாடல் 2000-இல் வந்தது. அதன் தலைப்புக்கு 'எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது' என்பது பொருள். சோவியத் காலத்தில் ஆண்களின் தன்பாலுறவுக்குச் சிறைத்தண்டனை இருந்தது. அச்சட்டப்பிரிவு 1993-இல்தான் நீக்கப்பட்டது. பெண்கள் சட்டப்பிரிவுக்குள் வரவில்லை. அவர்கள் உளநோயாளிகளாகக் கருதப்பட்டுக் கட்டாய மருத்துவத்துக்கு உட்படுத்தப்பட்டனர். அச்சிகிச்சையின் நினைவு மங்காத ஒரு நாட்டில், பெண்ணைக் காதலிக்கும் பெண்ணின் பாடல் சித்தக்கலக்கம் என்னும் தலைப்போடு வெளிவந்தது. ஏட்டில் இல்லாத நோயின் பெயர் பாட்டில் வந்து அமர்ந்தது.

காணொளியில் பள்ளிச் சீருடையணிந்த இரு சிறுமியர், மழையில், ஒரு வேலிக்குப் பின்னே நின்று முத்தமிடுகின்றனர். வேலிக்கு அப்பால் குடைபிடித்த கூட்டம் அவர்களை வேடிக்கை பார்க்கிறது. இறுதியில் இருவரும் கைகோத்து நடந்து செல்லும்போது, வேலிக்குள் அடைபட்டிருப்பது வேடிக்கை பார்த்த கூட்டமே என்று தெரியவருகிறது. அக்காலத்தில் காத்தினாவும் வோல்கோவாவும் பதினாறு வயதை ஒட்டியவர்கள். விற்கப்பட்டது பெண்களின் காதல் மட்டுமன்று. அவர்களின் இளமையும் சீருடையும், வயதுவந்த ஆண்களின் பார்வையும் சேர்ந்த சரக்கு அது.

'ஆல் தி திங்ஸ் ஷி செட்' என்னும் ஆங்கில வடிவம் 2003 பிப்ரவரியில் பிரிட்டன் பட்டியலின் முதலிடத்தை எட்டி நான்கு வாரங்கள் நீடித்தது. அவ்விடத்தை எட்டிய முதல் ரஷ்யக் கலைஞர்கள் இவர்களே. அமெரிக்கப் பட்டியலில் அப்பாடல் 20-ஆம் இடம்வரை சென்றது. மே மாதம் ரீகா நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் இவ்விணை மேடையில் என்ன செய்துவிடுமோ என்ற பரபரப்பு முன்கூட்டியே பரப்பப்பட்டது. எதுவும் நிகழவில்லை. முதலிடம் பெற்ற துருக்கி 167 புள்ளிகள். இவர்கள் 164 புள்ளிகளுடன் மூன்றாமிடம். எதிர்பார்ப்பே முழு விளம்பரமாகவும் நிகழ்ச்சியின் பெரும்பகுதியாகவும் அமைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் எம்டிவி விருது விழா மேடையில் மடோனா பிரிட்னி ஸ்பியர்ஸை முத்தமிட்ட காட்சியும் உலகெங்கும் இதழ்களின் முகப்பை நிறைத்தது. உத்தி அதற்குள் பொதுச்சொத்தாகிவிட்டது.

2003 டிசம்பரில் வித்தாலி மான்ஸ்கி இயக்கிய ஆவணப்படம் ரஷ்யத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. இருவரும் காதலர்கள் அல்லர் என்பது அதில் வெளிப்பட்டது. மறு ஆண்டு அவர்கள் ஷாப்போவலோவிடமிருந்து பிரிந்தனர்.

கதை இங்கே முடிந்திருந்தால், ஏமாற்றியவர், ஏமாந்தவர் என்று இரு தரப்புகளாகப் பிரித்துவிடலாம். முடியவில்லை. 2007 மே மாதம், நகரத்தந்தையின் தடையை மீறி மாஸ்கோவில் நடந்த பெருமிதப் பேரணிக்குக் காத்தினாவும் வோல்கோவாவும் நேரில் சென்றனர். வன்முறைக் கும்பல் பேரணிக்கு வந்தோரைத் தாக்கியது. இவர்கள் மீதும் முட்டைகள் வீசப்பட்டன. காதல் பொய்யாயினும், அன்று வந்து நின்றது பொய்யன்று. ஆனால் 2014-இல், தன்பாலீர்ப்பாளனான ஒரு மகனைத் தாம் ஏற்கமாட்டார் என்ற பொருளில் வோல்கோவா தொலைக்காட்சியில் பேசினார். காத்தினா அதற்கு மாறாக அன்பையும் சகிப்பையும் வலியுறுத்தினார். 2021-இல் ஆளுங்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வோல்கோவா போட்டியிட்டுத் தோற்றார். பரப்புரைத் தடைச்சட்டம் 2022 டிசம்பரில் எல்லா வயதினர்க்கும் விரிந்தது. 2023 நவம்பர் 30 அன்று, 'பன்னாட்டு பால்புதுமையர் இயக்கம்' தீவிரவாத அமைப்பு என்று ரஷ்ய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு பாடகி தன் கருத்தை மாற்றிக்கொள்வது அவருடைய உரிமை. இங்கே நோக்கத்தக்கது, இருபதாண்டுகளுக்கு இடையில் இலாபமும் இழப்பும் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பது. இலாபம் 2003-லேயே நிறுவனங்களால் எடுத்துக்கொள்ளப்பட்டது. இழப்போ பிற்காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 'இதெல்லாம் கவனம் ஈர்ப்பதற்கான நடிப்பு' என்று பெண்களின் காதலைப் புறந்தள்ளுவோருக்கு ஓர் உலகறிந்த எடுத்துக்காட்டு கிடைத்தது. தன் மகளின் காதலை நம்ப மறுக்கும் தாய்க்கும், அதைப் பருவக் கோளாறு என்று கடிந்துகொள்ளும் ஆசிரியருக்கும், பாப் இசை ஓர் ஆயத்த வாதத்தைக் கொடுத்துச் சென்றது. தூண்டிலின் உண்மையான தீங்கு அதுவே. ரசிகர் ஏமாந்து இழந்த இசைத்தட்டின் விலை மிகச் சிறிது.

இன்னொன்றையும் மறைத்தல் கூடாது. வேறெந்தக் குரலும் கேளாத ஊர்களில், அப்பாடலைக் கேட்டுத் தம் தனிமை சற்றே குறைந்ததாக உணர்ந்த பெண்கள் பல நாடுகளிலும் இருந்தனர். இரை போலியாக இருந்தால் மீன் கடித்திராது. பசி உண்மையாக இருந்தமையால்தான் தூண்டில் பலித்தது.

ஒரே தலைப்பில் இரு பாடல்கள்

1995-இல் ஜில் சோபியூல் என்னும் அமெரிக்கப் பாடகி 'ஐ கிஸ்ட் எ கேர்ள்' என்ற பாடலை வெளியிட்டார். அவர் இருபாலீர்ப்பாளர். அமெரிக்கப் பட்டியலில் அப்பாடல் 67-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 2008-இல் கேட்டி பெர்ரி அதே தலைப்பில் வேறொரு பாடலை வெளியிட்டார். ஆண் துணையுள்ள ஒரு பெண் ஆர்வத்தால் செய்துபார்க்கும் விளையாட்டாக அம்முத்தம் அதில் அமைந்தது. அது ஏழு வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

ஒரு பாடலின் வெற்றிக்கு மெட்டு, விளம்பரம், காலம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் இரண்டாம் பாடலில் கேட்போர்க்கு ஒரு வெளியேறும் வாசல் திறந்தே இருந்தது என்பது தெளிவு. 'இது ஒருநாள் விளையாட்டு' என்ற உறுதிமொழியோடு வந்த முத்தத்தைப் பெருஞ்சந்தை அச்சமின்றி வாங்கியது. கதை இங்கும் நேர்க்கோட்டில் செல்லவில்லை. 2017-இல் ஓர் உரிமை அமைப்பு வழங்கிய விருதை ஏற்றுப் பேசியபோது, அப்பாடலுக்குப் பின்னால் தம் சொந்த அனுபவமும், தேவாலயச் சூழலில் வளர்ந்த தம் குற்றவுணர்வும் இருந்ததைப் பெர்ரி வெளிப்படுத்தினார். வெளியிலிருந்து போலி என்று தோன்றியதனுள் உண்மையும் கலந்திருந்தது. ஒருவர் மனத்துக்குள் நுழைந்து தீர்ப்புச் சொல்ல முனையும் எவரும் இந்த இடத்தில் தடுமாறியே ஆகவேண்டும்.

நாய்கள் திரும்பி வருதல்

அந்தத் தடுமாற்றம் விரைவில் தீங்காக மாறியது. 2018 மே மாதம் பிரிட்டன் பாடகி ரீட்டா ஓரா வேறு மூன்று பாடகியரோடு இணைந்து 'கேர்ள்ஸ்' என்னும் பாடலை வெளியிட்டார். மதுமயக்கத்தில் பெண்கள் பெண்களை முத்தமிடுவதாகச் சித்திரித்த அப்பாடலை, தன்பாலீர்ப்பாளரான ஹேலி கியோகோ உள்ளிட்ட கலைஞர்கள் கண்டித்தனர். பாடலின் சொற்கள் மீதான அவ்விமர்சனத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சில நாள்களிலேயே, தமக்கு ஆண்களோடும் பெண்களோடும் காதலுறவு இருந்ததுண்டு என்று ஓரா பொதுவெளியில் அறிவித்து, மனம் நொந்தோரிடம் மன்னிப்புக் கோரவேண்டியதாயிற்று. ஒரு பாடலைத் தற்காத்துக்கொள்ளத் தம் அந்தரங்கத்தைச் சான்றாவணமாக நீட்டும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார்.

2022-இல், இசைக்கு வெளியே, இது இன்னும் கொடிதாக நிகழ்ந்தது. 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரில் இருபாலீர்ப்பாளனான மாணவனாக நடித்த கிட் கானர், தூண்டில் போடுகிறார் என்ற இடைவிடாத குற்றச்சாட்டுக்கு ஆளானார். அக்டோபர் 31 அன்று, தாம் இருபாலீர்ப்பாளர் என்றும், பதினெட்டு வயதில் தம்மைக் கட்டாயப்படுத்தி அறிவிக்கச் செய்துவிட்டீர்கள் என்றும் எழுதி விலகினார். பாடகி பில்லி ஐலிஷும் 2021-இல் ஒரு காணொளிக்காக இதே பழியைச் சுமந்தார். 2023-இல் தாம் பெண்களிடமும் ஈர்ப்புடையவர் என்பது செய்தியானபோது, அதைச் செய்தியாக்கிய முறைக்கு மறுப்புத் தெரிவித்தார்.

'நீ யார் என்று இப்போதே சொல்' என்று ஒருவரைச் சூழ்ந்து நின்று கேட்பது 1950-களின் அமெரிக்க அலுவலகங்களில் நடந்தது. அதற்கு அன்று வழங்கிய பெயர் குயர்-பெய்ட்டிங். அதே கேள்வியை எழுபதாண்டுகளுக்குப் பின்னர், பால்புதுமையர் மீது பரிவுகொண்ட கூட்டம், அதே சொல்லைக் கையிலேந்திக் கேட்டது. தூண்டிலைக் கண்டிக்கப் புறப்பட்ட சொல், வேட்டைநாயாகத் தன் பழைய பொருளுக்கே திரும்பிவந்தது.

பொருள் மாற்றத்தைப் பயில்வோர்க்கு இது வியப்பன்று. பழைய பொருள் முற்றிலும் இறப்பதில்லை. புதிய பொருளின் அடியில் கிடந்து, இடம் கிடைத்தபோது எழும். ஆகவே இச்சொல்லைப் பயன்படுத்துவோர் அதன் முனை எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். 'இக்கலைஞர் உண்மையில் யார்?' என்பது அதை நோக்கி எழுப்பத்தக்க கேள்வியன்று. அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. எழுப்பத்தக்க கேள்விகள் வேறு. இந்த ஐயத்தைத் திட்டமிட்டவர் யார்? அதனால் வந்த வருவாய் எங்கே சென்றது? காற்று மாறியபோது, பாடலைப் பயன்படுத்திக்கொண்ட நிறுவனம் பால்புதுமையர் பக்கம் நின்றதா, நழுவிச் சென்றதா? இவற்றுக்கான விடைகள் ஒப்பந்தங்களிலும் விளம்பரங்களிலும் விற்பனைப் பட்டியல்களிலும் கிடக்கின்றன. எவருடைய படுக்கையறைக்குள்ளும் எட்டிப்பார்க்காமல் அவற்றைத் தேடிக் கண்டடைய முடியும்.

ஷாப்போவலோவின் காணொளியில், வேலிக்குள் அடைபட்டது வேடிக்கை பார்த்த கூட்டமே என்று காட்டி, இரு சிறுமியரும் திறந்தவெளியில் நடந்து சென்றனர். படப்பிடிப்பு முடிந்ததும் அந்த வேலி கழற்றப்பட்டிருக்கும். 2013-லும் 2022-லும் 2023-லும் அந்நாட்டில் எழுப்பப்பட்ட வேலி சட்டத்தால் ஆனது. அதற்குள் நின்றவர்கள், அப்பாடல் யாருடைய வாழ்க்கையைக் கடன்வாங்கி விற்றதோ அந்தப் பெண்களே.